ரேங்க்கை விடுங்க, கழிஞ்சு போன பாயின்ட்டப் பாருங்க

ஆல் ஏசியன் டிஎக்ஸ்ங்கற ஹாம் ரேடியோ போட்டியோட ரிசல்ட் வந்துச்சுன்னா நம்ம தஞ்சாவூர், திருவாரூர், நாகை பக்கத்து ஹாம்களுக்குள்ள முதல்ல ஓடுற கேள்வி ஒண்ணுதான், இந்தியாவுல எத்தனாவது இடம்னு. அந்த ஒரு நம்பரப் பாத்துட்டு ஒருத்தர் சந்தோஷப்படுவார், இன்னொருத்தர் "நமக்கெல்லாம் இது சரிப்பட்டு வராது தம்பி"ன்னு ரிக்கை, அதாவது ரேடியோ செட்ட, துணி போட்டு மூடிடுவார். ரெண்டுமே தேவையில்லன்னு நான் நினைக்கிறேன். ஏன்னா எந்த ஊர்ல உக்காந்துருக்கோம், ஆண்டெனா எவ்ளோ உசரம், எத்தன வாட்ஸ், அந்த வருஷம் சூரியன் எப்படி இருந்துச்சு, இதெல்லாம் சேந்துதான் ரேங்க்க முடிவு பண்ணுது, இதுல பெரும்பகுதி நம்ம கையில இல்ல. நம்ம கையில முழுசா இருக்கற நம்பர் வேற ஒண்ணு இருக்கு, நாம கேட்ட ஸ்கோர்ல நூத்துக்கு எவ்வளவு கழிஞ்சு போச்சுங்கறது. அத யாரும் கேக்கறதில்ல, அதப் பத்தித்தான் எழுதணும்னு தோணுச்சு.

ஹாம் ரேடியோ பழக்கமில்லாம படிக்கிறவங்களுக்கு முதல்ல ஒரு சுருக்கம். அரசாங்கத்துக்கிட்ட பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி வீட்டுலயே ஸ்டேஷன் வச்சுப் பேசுறவங்கதான் ஹாம்ஸ், ஒவ்வொருத்தருக்கும் ஒரு கால்சைன் உண்டு, இந்தியாவுல பெரும்பாலும் வியூ2 இல்லன்னா வியூ3-ல ஆரம்பிக்கும். கான்டெஸ்ட்னா குறிச்ச நேரத்துக்குள்ள எத்தன ஸ்டேஷன், எத்தன நாடு புடிக்க முடியுதுன்னு பாக்கறது. பேச்சே ரெண்டு வரிதான், அவர் கால்சைன், நம்ம கால்சைன், சிக்னல் ரிப்போர்ட், கூட ஒரு நம்பர், முடிஞ்சுது, அடுத்தவர். ஆல் ஏசியன் கான்டெஸ்ட்ட நடத்துறது ஜப்பான் ஹாம்களோட சங்கமான ஜேஏஆர்எல். ஜூன் மூணாவது வார சனி ஞாயிறு மோர்ஸ்ல, செப்டம்பர் முதல் வார சனி ஞாயிறு வாய்ஸ்ல, உலக நேரப்படி சனிக்கிழமை 0 மணிலேர்ந்து 48 மணி நேரம், நமக்கு அது சனி விடியக்காலம் அஞ்சரைக்குத் தொடங்கி திங்கள் விடியக்காலம் அஞ்சரைக்கு முடியும். அந்தக் "கூட ஒரு நம்பர்" என்னன்னா நம்ம வயசு. 47 வயசுக்காரர் "ஃபைவ் நைன், ஃபோர் செவன்"னு சொல்வார், ஃபைவ் நைன் சிக்னல் ரிப்போர்ட், ஃபோர் செவன் வயசு, அவ்ளோதான். பெண்கள் வயசுக்குப் பதிலா 00 குடுக்கலாம்னு விதியிலயே இருக்கு. அதே ஆட்கள வருஷா வருஷம் கேட்டுக்கிட்டே வந்தா ஒவ்வொருத்தருக்கும் ஒரு வயசு கூடிக்கிட்டே போறது காதுலயே விழும், எனக்கு இந்தக் கான்டெஸ்ட் மேல தனிப் பிரியம் வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

இனி ஸ்கோர். வெளிநாட்டுக் கான்டாக்ட்டுக்குப் பாயின்ட் உண்டு, அதுக்கு மேல மல்டிப்ளையர்னு ஒண்ணு உண்டு. ஆசியாவுல இருக்கற நமக்கு ஒவ்வொரு பேண்டுலயும், அதாவது 40 மீட்டர், 20 மீட்டர்னு அலைநீளத்த வச்சுச் சொல்ற ஒவ்வொரு அலைவரிசையிலயும், எத்தன வேற வேற நாடு கிடைச்சுதோ அதெல்லாம் கூட்டுனா வர்றதுதான் மல்டிப்ளையர். மொத்தப் பாயின்ட்ட மொத்த மல்டிப்ளையரால பெருக்கணும், இந்தப் பெருக்கல்லதான் எல்லாமே தலகீழா மாறுது. கணக்குக்காக வச்சுக்குவோம், ஒருத்தர் 40 மீட்டர் பேண்டுலயே ராத்திரி பூரா உக்காந்து 300 பாயின்ட் எடுக்குறார், ஆனா நாடு 20 தான், ஸ்கோர் 6,000. இன்னொருத்தர் 200 பாயின்ட்தான், ஆனா நாலு பேண்டுக்கும் மாறி மாறிப் போயி 40 மல்டிப்ளையர் சேத்துட்டார், ஸ்கோர் 8,000. நூறு பாயின்ட் கம்மியா எடுத்தவர் மேல வந்துட்டாரா. அதனால ரிசல்ட்ல ஒருத்தர் நமக்குக் கீழ இருக்கார்னா அவர் கம்மியா உழைச்சார்னு அர்த்தமே இல்ல, பேண்ட் மாத்துற நேரத்தத் தவற விட்டிருப்பார். நமக்குப் பக்கத்துலயே இருக்கற இலங்கையவே எடுத்துக்குங்க. வேதாரண்யத்துலேர்ந்து கடலத் தாண்டுனா யாழ்ப்பாணம், 40 மீட்டர்ல சாயங்காலம் சுலபமாக் கிடைச்சுடும், ஆனா 20 மீட்டர்ல நம்ம சிக்னல் மேல போயி வளைஞ்சு ரொம்ப தூரம் தள்ளித்தான் இறங்கும், பக்கத்துல இருக்கறதுனாலயே இலங்கை கிடைக்காது. எது எந்த பேண்டுல கிடைக்கும்னு தெரிஞ்சவருக்கும் தெரியாதவருக்கும் ஸ்கோர்ல இவ்ளோ வித்தியாசம்.

இன்னொரு விஷயம், இது பலபேர் கவனிக்காதது. ஆசியாவுக்கு வெளிய இருக்கறவங்களுக்கு மல்டிப்ளையர் நாட்டக் கணக்கு வச்சு வராது, ஆசியக் கால்சைன்களோட முன்னெழுத்த வச்சுத்தான் வரும். அப்படின்னா வியூ2 ஒரு மல்டிப்ளையர், வியூ3 தனி மல்டிப்ளையர். ஐரோப்பாவுல இருக்கறவர் வியூ2 ஒருத்தரப் புடிச்சுட்டாலும் அதே பேண்டுல வியூ3-யையும் தேடுவார். புதுசா லைசென்ஸ் வாங்கி வியூ3 வச்சுருக்கற நம்ம மன்னார்குடிப் பையன் "நான் சின்ன ஸ்டேஷன், என்னை யார் கூப்புடுவா"ன்னு நினைச்சுக்கிட்டு இருந்தா, தம்பி, உன்னைத் தேடிக்கிட்டு ஒரு கூட்டமே இருக்கு.

சரி, நம்ம மண்ணுக்கு வருவோம். டெல்டாவுல ஸ்டேஷன் வச்சா என்ன லாபம் என்ன நஷ்டம்ங்கறது ரிசல்ட்ல ஒரு எடத்துலயும் எழுதியிருக்காது, ஆனா ஸ்கோர்ல ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும். முதல் லாபம் ஈரம். செங்குத்தா நிக்கிற வெர்டிகல் ஆண்டெனாவுக்குக் கீழ மண்ணு எவ்ளோ நல்லா மின்சாரத்தக் கடத்துதோ அவ்ளோ நல்லா தாழ்வான கோணத்துல சிக்னல் போகும், தாழ்வாப் போனாத்தான் தூரத்து நாட்டுக்கு எட்டும். தண்ணி கட்டுன வண்டல் வயலு நல்ல தரை, அதவிட உப்புத்தண்ணி ரொம்ப நல்லது, கடல் ஓரத்துல வச்ச வெர்டிகல் உள்நாட்டுல வச்சதவிடப் பல டெசிபல் (சிக்னல் பலத்தோட அளவு) கூடுதலாப் போகுங்கறது உலகம் முழுக்க ஹாம்களுக்குத் தெரிஞ்ச விஷயம். வேதாரண்யம் உப்பளம், கோடியக்கரை சதுப்பு, தரங்கம்பாடி கடற்கரை, இதெல்லாம் ஆண்டெனா கண்ணோட பாத்தா தங்கம். ஆனா நம்மள்ல நிறையப் பேர் வைக்கிறது டைபோல்தான், 40 மீட்டர் பேண்டுக்கு மொத்தம் 20 மீட்டர் கம்பி, நடுவுல தூக்கி ரெண்டு பக்கமும் இறக்கிக் கட்டுறது, தாங்குறதுக்குத் தென்ன மரம். கிடையா இருக்கற டைபோலுக்கு மண்ணவிட உசரம்தான் முக்கியம், 40 மீட்டர் பேண்டுல தூரத்துக்குப் போகணும்னா 20 மீட்டர் உசரமாவது வேணும், நல்லா வளந்த தென்ன உச்சிதான் அவ்ளோ வரும், நாம கட்டுறது பாதி உசரத்துல. அதனால நம்ம சிக்னல் நிறைய மேல்நோக்கித்தான் போகுது, சென்னை, பெங்களூரு, கொழும்பு நல்லாக் கேக்கும், ஐரோப்பா கஷ்டப்படும். பட்டியல்ல நமக்கு மேல இருக்கறவர் நம்மவிட நல்ல ஆப்பரேட்டர்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அவர் டவர் உசரத்தக் கேக்கணும்.

ஜூனுக்கும் செப்டம்பருக்கும் ஒரே ஸ்டேஷன் வேற மாதிரி நடந்துக்கறதும் இதுக்குள்ள வரும். மேட்டூர் அணை வழக்கமா ஜூன் 12 திறக்கணும், திறந்தாலும் மூணாவது வாரத்துக்குள்ள கடைமடைக்குத் தண்ணி வந்து சேராது, திருத்துறைப்பூண்டி பக்கம் மண்ணு வெடிச்சுக் கெடக்கும்போதே மோர்ஸ் கான்டெஸ்ட் முடிஞ்சுடும். தண்ணி வந்த வருஷம் செப்டம்பர்ல அதே வயல்ல ஈரம் ஊறி நிக்கும். தாழக் கட்டுன டைபோலோட எஸ்டபிள்யூஆர், அதாவது நாம அனுப்புற பவர் ஆண்டெனாவுல ஏறாம எவ்ளோ திரும்பி வருதுன்னு காட்டுற அளவு கூட அந்த ரெண்டு சமயத்துல ஒரே மாதிரி இருக்காது, ஜூன்ல டியூன் பண்ணி வச்சத அப்படியே நம்பக் கூடாது, செப்டம்பர்ல திரும்ப அளந்து பாக்கணும்.

சமதரையா இருக்கறதப் பத்தி ரெண்டு வரி. விஎச்எஃப்ல, அதாவது 2 மீட்டர் பேண்டுல, மலை இல்லாதது மறைப்பு இல்லங்கற வகையில நல்லது, ஆனா ஏறி நிக்க எடமும் இல்ல. ரெண்டு பக்கமும் 10 மீட்டர் உசர ஆண்டெனான்னா சுமாரா 26 கிலோமீட்டர்தான் நேர்ப் பார்வை, தஞ்சாவூர் கும்பகோணம் தூரத்துக்கே பத்தாது.

அப்புறம் வானம். ரேடியோ அலைய வளைச்சு அனுப்புற அயனோஸ்பியர் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி கிடையாது. பூமியோட காந்த நடுக்கோடு நம்ம நாட்டோட தென்கோடியத் தொட்டுக்கிட்டுப் போகுது, அதுக்காகத்தான் 1963 நவம்பர் 21 அன்னிக்கு இந்திய மண்ணுலேர்ந்து போன முதல் விண்வெளி ஆய்வு ராக்கெட்ட கேரளாவுல இருக்கற தும்பாவுலேர்ந்து விட்டாங்க. டெல்டா அதுக்குக் கொஞ்சம் வடக்க. மத்தியானம் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல நிக்கிறதுனால கீழ்ப்படலம் தாழ்வான பேண்டு சிக்னல முழுங்கிடும், பகல்ல 40 மீட்டர் நம்ம ஊர்க்காரங்களோட பேசத்தான். செப்டம்பர், மார்ச் மாதிரி பகலும் ராத்திரியும் சமமா வர்ற மாசங்கள்ல பொழுது சாஞ்ச பிறகு இந்த காந்த நடுக்கோட்டுப் பக்கம் அயனோஸ்பியர்ல குமிழி குமிழியா கலக்கம் வரும், சிக்னல் பலமா இருக்கும் ஆனா படபடன்னு அடிச்சுக்கும், எழுத்து புரியாது. வாய்ஸ் கான்டெஸ்ட் செப்டம்பர்ல, ஐரோப்பா நல்லாத் திறக்கறதும் நம்ம சாயங்காலத்துலதான், ரெண்டும் ஒண்ணா வந்து விழுது. அமெரிக்காவுக்குப் போற வழி வடதுருவத்த ஒட்டிப் போகுது, சூரியப் புயல் அடிச்சா முதல்ல அடைபடுறது அந்த வழிதான். இதுக்கெல்லாம் மேல 11 வருஷச் சூரியச் சுழற்சி. 2019 கடைசியில சூரியன் அடங்கிக் கெடந்தப்ப 10 மீட்டர் பேண்டு பெரும்பாலும் சத்தமே இல்லாம இருந்துச்சு, 2024-ல உச்சத்துக்கு வந்தப்ப அதே பேண்டுல கொஞ்சம் வாட்ஸ்லயே ஐரோப்பா வந்துச்சு. அதனால அஞ்சு வருஷம் முன்னாடி ஸ்கோரையும் இப்ப ஸ்கோரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு "நான் முன்னேறிட்டேன்"னு சொல்றது சரியா வராது, சூரியனும் சேந்து முன்னேறியிருக்கு.

வாட்ஸ் விஷயத்துல மட்டும் நம்மாளுங்க தேவைக்கு மேல கவலைப்படுறாங்க. லைசென்ஸ்ல ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு 50 வாட்ஸ், மோர்ஸ் பரீட்சையும் எழுதி ஜெனரல் கிரேடு வாங்குனா 400. 50-லேர்ந்து 100-க்குப் போனா அந்தப் பக்கம் ஏறுறது 3 டெசிபல், அதாவது ரிக்கோட சிக்னல் மீட்டர்ல அரப் படி, அர எஸ்-யூனிட், கேக்கறவருக்கு வித்தியாசமே தெரியாது. சில நாடுகள்ல அனுமதிக்கிற 1,500 வாட்ஸையும் 100 வாட்ஸையும் ஒப்பிட்டாக் கூட ரெண்டு எஸ்-யூனிட்டுதான். அதுக்கு ஆம்ப்ளிஃபையர்ல போடுற காசுல பத்துல ஒரு பங்கு போட்டு ஆண்டெனாவ இன்னொரு அஞ்சு மீட்டர் தூக்குனா அத விட நல்லாப் பலன் கிடைக்கும், இத நான் யார்கிட்ட வேணும்னாலும் அடிச்சுச் சொல்வேன்.

இப்ப முதல்ல சொன்ன அந்த நம்பருக்கு வர்றேன். கான்டெஸ்ட் முடிஞ்சு நம்ம கம்ப்யூட்டர் காட்டுற ஸ்கோர் க்ளெய்ம்டு ஸ்கோர், அதாவது நாம கேக்குற ஸ்கோர். யார் யாரப் புடிச்சோம்னு எழுதி வச்ச அந்த லாக்க கேப்ரில்லோங்கற ஃபைலா அனுப்பிடுறோம், நடத்துறவங்க வந்த எல்லா லாக்கையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பாக்குறாங்க, நான் உங்களப் புடிச்சதா எழுதியிருந்தா உங்க லாக்லயும் அதே நேரம், அதே பேண்டுல என் கால்சைன் சரியா இருக்கணும், நான் எழுதுன உங்க வயசு நீங்க அனுப்புனதாவே இருக்கணும். இல்லன்னா கழிச்சுடுவாங்க. களத்துல அளந்த நெல்லு ஒரு கணக்கு, அதையே நேரடி நெல் கொள்முதல் நிலையத்துல கொண்டுபோயி ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலன்னு சொல்லி நிக்கிறது இன்னொரு கணக்கு, நம்ம விவசாயிக்கு இத விளக்கவே வேண்டாம். மாசக்கணக்குல காத்திருந்த பிறகு வர்ற ஃபைனல் ஸ்கோர், இப்படிக் கழிச்சது போக மிஞ்சுனது.

கழிவு எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க. ஒருத்தர் 400 பாயின்ட், 50 மல்டிப்ளையர், 20,000 க்ளெய்ம் பண்றார்னு வச்சுக்குவோம். செக்கிங்ல 20 பாயின்ட் போகுது, நூத்துக்கு அஞ்சுதான், ஆனா தப்பா எழுதுன கால்சைன்ல நாலு மல்டிப்ளையரும் சேந்து போகுது. 380-ஐ 46-ஆல பெருக்குனா 17,480. போனது 2,520, நூத்துக்கு சுமாரா பன்னெண்டர. அஞ்சு சதவீதத் தப்பு பன்னெண்டர சதவீதமா வெடிக்குது, பெருக்கல் ஏத்தி விடுற மாதிரியே எறக்கியும் விடும். சில கான்டெஸ்ட்ல, உதாரணத்துக்கு சிக்யூ வேர்ல்டு வைடுல, தப்பா எழுதுன கால்சைனுக்கு அந்தக் கான்டாக்ட்ட எடுக்கறதோட விடாம மேல அபராதமும் போடுவாங்க.

தப்பு எங்கேர்ந்து வருதுன்னா, மோர்ஸ்ல எடுத்துக்குங்க, வி-ங்கறது மூணு புள்ளி ஒரு கோடு, 4-ங்கறது நாலு புள்ளி ஒரு கோடு. இடைல ஒரு இடி வெட்டுச்சுன்னா, இல்ல அந்தப் படபடப்புல ஒரு புள்ளி கூடக் கேட்டுச்சுன்னா வியூ ஆனது 4யூ ஆயிடும், அது ஐக்கிய நாடுகள் சபையோட முன்னெழுத்து. இந்தியாக்காரர் ஐநா சபைக்காரர் ஆயிடுவார்! 2-க்கும் 3-க்கும் கூட இதே கதைதான், ரெண்டு புள்ளி மூணு கோடு, மூணு புள்ளி ரெண்டு கோடு. வாய்ஸ்ல பி, டி, ஜி, வி எல்லாம் நாய்ஸ்ல ஒண்ணாக் கேக்கும், அதுக்குத்தான் பிராவோ, டெல்டா, கால்ஃப், விக்டர்னு சொல்றோம். அந்தப் பக்கம் ஒருத்தர் "வியூ3 பிராவோ"ங்கறார், நாம வியூ3 டெல்டா, அவர் தப்பாச் சொல்றத திருத்தாம "ரோஜர், தேங்க்யூ"ன்னு போனா கான்டாக்ட் போச்சு, அவர் லாக்ல நாம இல்ல. திருத்துறதுக்கு அஞ்சு செகண்டு ஆகும், கூச்சப்படாமத் திருத்தணும்.

வயசுல இன்னொரு குழி இருக்கு. கான்டெஸ்ட் லாகிங் சாஃப்ட்வேர்ல பழைய வருஷத்து லிஸ்ட்ட ஏத்தி வச்சா கால்சைன் அடிச்ச உடனே வயசு தானா வந்து விழும், ஆனா அது போன வருஷத்து வயசு. அவர் சொன்னத காதால கேக்காம அந்த நம்பர அப்படியே விட்டவங்களுக்கு அத்தன கான்டாக்ட்டும் போகும். நேரமும் அப்படித்தான், லாக் உலக நேரத்துல இருக்கணும், நம்ம நேரம் அதவிட அஞ்சரை மணி முன்ன, அந்த அரைய மறந்துட்டு அஞ்சு மணி கழிச்சவங்களோட லாக் மொத்தமும் அரை மணி தள்ளிப் போயிடும், யாரோட லாக்கோடயும் ஒட்டாது.

இந்தத் தப்புக் கணக்க ஏன் இவ்ளோ பெருசாச் சொல்றேன்னா, சுனாமியும் புயலும் பாத்த ஊர் நம்ம ஊர். 2004 டிசம்பர்ல ஹைதராபாத்துல இருக்கற நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் அமெச்சூர் ரேடியோ சார்பா பாரதி பிரசாத் போர்ட் பிளேர் போயி வியூ4ஆர்பிஐ-ங்கற கால்சைன்ல உலகத்துக்கே அந்தமான் கான்டாக்ட் குடுத்துக்கிட்டு இருந்தாங்க. ஒரே நேரத்துல நூத்துக்கணக்கானவங்க கூப்புடுறதுலேர்ந்து ஒரு கால்சைனப் பிரிச்சு எடுத்து எழுதுற வேலை அது, கான்டெஸ்ட்ல பண்றதேதான். 26-ந்தேதி சுனாமி வந்துச்சு. அதே ரிக், அதே காது, அன்னிலேர்ந்து உறவுக்காரங்களத் தேடுறவங்களோட செய்திய வெளிய அனுப்புற வேலைக்குத் திரும்பிடுச்சு. அங்க ஒரு பேர்ல ஒரு எழுத்து மாறுனா என்ன ஆகும்னு அதே நாள்ல ஆயிரக்கணக்குல ஆட்களத் தொலைச்ச நாகப்பட்டினத்துக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையேறுனப்ப கம்பம் சாஞ்சுது, செல்போன் டவர் நின்னுச்சு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னையே போச்சு, ஆண்டெனா கட்டுன மரமும் அதோட போச்சு. பல ஊர்ல வாரக்கணக்கா கரண்ட் இல்ல. அந்த மாசம் 24, 25-லதான் சிக்யூ வேர்ல்டு வைடோட மோர்ஸ் கான்டெஸ்ட். அந்தப் போட்டியோட ரிசல்ட்ட இங்கேர்ந்து பாக்கறவங்க ரேங்க்கப் பாத்து என்ன பண்ணப் போறாங்க, பேட்டரில எத்தன மணி நேரம் ஸ்டேஷன் ஓடும்னு தெரிஞ்சவங்க எத்தன பேர்ங்கறதுதான் அப்ப கேள்வி. 48 மணி நேரக் கான்டெஸ்ட் ஒண்ண கரண்ட் இல்லாம சோலார் பேனல், பேட்டரி, 50 வாட்ஸ் வச்சு ஓட்டிப் பாத்தா ஸ்கோர் கம்மியாத்தான் வரும், ஆனா எது எப்ப காலை வாரும்னு தெரிஞ்சுடும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர், நவம்பர்ல, பெரிய கான்டெஸ்ட்டும் அந்த ரெண்டு மாசக் கடைசியிலதான், மின்னல் தெரிஞ்சா மட்டும் எத்தன மல்டிப்ளையர் பாக்கியிருந்தாலும் ஆண்டெனா கேபிளக் கழட்டி வெளிய போட்டுடணும், அதுல பேச்சே இல்ல.

இனி ரிசல்ட் வந்தா என்ன பண்ணலாம்னா, க்ளெய்ம் பண்ண ஸ்கோரையும் ஃபைனலையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க, கழிஞ்சது நூத்துக்கு எவ்வளவுன்னு போடுங்க. சில கான்டெஸ்ட்ல லாக் செக்கிங் ரிப்போர்ட்னு ஒண்ணு தருவாங்க, அதுல எந்தக் கான்டாக்ட் ஏன் போச்சுன்னு வரி வரியா இருக்கும், கால்சைன் தப்பா, நம்பர் தப்பா, அவர் லாக்ல நாம இல்லையான்னு. அத மணி வாரியா பிரிச்சுப் பாத்தா இன்னும் நல்லது, விடியக்காலம் ரெண்டு மணிக்கு மேல போனதுதான் நிறையன்னா அது ஆண்டெனாக் கோளாறு கிடையாது, தூக்கம். சாயங்காலம் ஏழுலேர்ந்து பத்துக்குள்ளன்னா அந்தப் படபடக்குற வானம், அப்ப மோர்ஸ் வேகத்தக் கொறைச்சு ரெண்டு தடவ கேட்டு எழுதணும். எல்லா மணிக்கும் சமமா இருந்தா பெரும்பாலும் வீட்டு நாய்ஸ், பக்கத்து எல்இடி பல்பையும் மோட்டார் ஸ்டார்ட்டரையும் தேடிப் புடிக்கணும், கடலோரத்துல இருக்கறவங்க மின்கம்ப இன்சுலேட்டர்ல உப்புப் படிஞ்சு பொறி விடுதான்னும் பாக்கணும்.

குரூப்புல போடும்போதும் ரேங்க்கோட இதையும் சேத்துப் போடுங்க. 50 வாட்ஸ், பத்து மீட்டர் உசர டைபோல், கழிஞ்சது நூத்துக்கு ரெண்டு, அப்படின்னு. ஆடுதுறையில இருக்கறவரும் ஒசாகாவுல நூறடி டவர் வச்சுருக்கறவரும் சமமா நிக்கிற ஒரே நம்பர் அதுதான்.